பாப்பா படத்துக்கு யார் கையெழுத்து?

(பாலக்காடு மாவட்டச் சித்தூரில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த வாரத்தில் சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு சன்னல் ஓரம் ஒரு கண்காட்சி. தென்னந்தோப்பு வேலியில், நாற்சந்தியில், கொடிக்கம்பத்தின் அடியில், எங்கு பார்த்தாலும் ஃபிளக்ஸ். வரிசை வரிசையாகப் பிள்ளைகள். பாஸ்போர்ட் அளவுப் படம், கீழே பெயர், அதற்கும் கீழே ‘ஃபுல் ஏ பிளஸ்’. வாழ்த்துவது ஊர் இளைஞர் மன்றம் என்றால் அது பாராட்டு. வாழ்த்துக்கு அடியில் ஒரு கைபேசி எண்ணும் ‘அடுத்த பேட்ச் சேர்க்கை நடைபெறுகிறது’ என்ற வரியும் இருந்தால் அது விளம்பரம்.

பாராட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு வரிதான். பிள்ளையின் முகம் இரண்டிலும் ஒன்றே.

அந்தப் படத்தைப் போடலாமா என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடமோ, அதன் அப்பா அம்மாவிடமோ யாராவது கேட்டார்களா? பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்காததைக் குறையாக நினைக்கிற வழக்கமும் இல்லை. மகள் முகம் ரோட்டோரத்தில் சிரிக்கிறது என்றால் தோப்பில் வேலை செய்யும் அப்பாவுக்கு அது பெருமைதான். அந்தப் பெருமையைக் கேலி செய்ய இந்த அவை கூடவில்லை. பெருமை வீட்டுக்காரருடையது, லாபம் மட்டும் எப்படி வேறொருவர் பெட்டிக்குப் போகிறது, அதற்கு யார் எப்போது கையெழுத்துப் போட்டார்கள் என்பதே இன்றைய பேச்சு.

பழைய நாளில் இந்தச் சம்மதம் ஸ்டுடியோ வாசலில் வாய்வார்த்தையாக முடிந்தது. முதல் பிறந்தநாளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, குழந்தையைத் தூக்கிப் போவார்கள். படம் நன்றாக விழுந்துவிட்டால் ஸ்டுடியோக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: “அக்கா, பாப்பா படத்த முன்னாடி கண்ணாடியில மாட்டிக்கட்டுங்களா?” அம்மா சிரித்துக்கொண்டே, “அதுக்கென்ன தம்பி, மாட்டிக்க” என்பார். அவர் சம்மதித்தது ஒரு கடைக்கு, ஒரு தெருவுக்கு, வெயிலில் படம் மஞ்சளாகும் வரைக்கும். வேண்டாம் என்று தோன்றினால் மறுநாளே போய்க் கழற்றச் சொல்லலாம். கேட்டவர் யார், எதற்குக் கேட்டார், எத்தனை நாளைக்கு, எப்படித் திரும்பப் பெறுவது என்ற நான்குக்கும் அந்த ஒற்றை வரிப் பேச்சில் பதில் இருந்தது.

அந்த ஸ்டுடியோக் காலத்துக்கே நம் நாட்டுச் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருந்ததும், பலர் அறியாமலே அது இன்றும் தொடர்வதும் தனிக்கதை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவரே. வேறுவிதமாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டால்தான் மாறும். அதாவது பாப்பா படத்துக்குக் காசு கொடுத்த அம்மாதான் சொந்தக்காரர், கேமராக்காரர் அல்ல. ஆனால் இன்று பிள்ளைகளின் படங்களில் பெரும்பகுதி காசு கொடுத்து எடுத்தவை அல்ல. பள்ளி ஆண்டு விழாவில் யாரோ எடுத்தது, டியூஷன் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது, மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் விளையாடிய குழந்தையைச் சுற்றுலா வந்தவர் கைபேசியில் பிடித்தது. அவற்றின் பதிப்புரிமை எடுத்தவரிடம் இருக்கும். முகம் மட்டும் குழந்தையுடையது.

முகத்துக்கு உரிமை உண்டா என்ற வழக்கு முதலில் பெரிதாக வெடித்தது ஒரு மாவு மூட்டையால். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் என்றொரு ஊர். அங்கே அபிகெயில் ராபர்சன் என்ற மைனர் பெண்ணின் படத்தை, அவளைக் கேட்காமலே, ஃபிராங்க்ளின் மில்ஸ் மாவு நிறுவனம் விளம்பரத் தாளில் அச்சிட்டது. சுமார் 25,000 தாள்கள். கடைகளிலும் சாராயக் கடைகளிலும் ஒட்டினார்கள். தெரிந்தவர்கள் கிண்டல் செய்ய, அந்தப் பெண் படுத்த படுக்கையானாள். வழக்கு 1902இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவள் தோற்றாள். தன் முகத்தின் மேல் இப்படியோர் உரிமையைச் சட்டம் இதுவரை சொல்லவில்லை என்றார் தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கர்.

மக்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே, 1903இல், மாநிலச் சட்டமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. வியாபாரத்துக்கு ஒருவர் பெயரையோ படத்தையோ பயன்படுத்த எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அவர் மைனர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு அதே பார்க்கர் அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். படமெடுப்பவர்கள் தன்னையும் தன் குடும்பத்தையும் விரட்டுகிறார்கள் என்று அவர் சலித்துக்கொண்டபோது, ராபர்சன் பத்திரிகையில் அவருக்கே ஒரு கடிதம் எழுதித் தீர்ப்பை நினைவூட்டினாள். தேர்தலிலும் பார்க்கர் தோற்றார்.

பெற்றோர் கையெழுத்து வந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எண்பது ஆண்டு கழித்து அதே நீதிமன்றத்துக்கு, அதே சட்டத்தின் கீழ், எதிர்த்திசையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. 1975இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்த நடிகை புரூக் ஷீல்ட்ஸை கேரி கிராஸ் என்ற புகைப்படக்காரர் படமெடுத்தார். எந்தக் குழந்தையையும் எடுக்கக் கூடாத குளியல் படங்கள் அவை. தாய் நிபந்தனையே இல்லாத சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். கிடைத்த கூலி 450 டாலர். வளர்ந்த பின் மகள், அந்தப் படங்களை இனி வெளியிடக் கூடாது என்று வழக்குப் போட்டார். 1983இல் தீர்ப்பு வந்தது. அம்மா போட்ட கையெழுத்து மகளைக் கட்டும், அதை அவர் ரத்து செய்ய முடியாது. மீண்டும் நான்குக்கு மூன்று.

குழந்தையைக் காக்க வந்த கையெழுத்தே குழந்தையைக் கட்டிப்போட்ட கதை இது. பெற்றோர் சம்மதம் என்ற சொல்லைக் கேட்டதும் ‘அது இருந்தால் போதுமே’ என்று நிம்மதி அடைகிறவர்கள் அந்த 450 டாலரை ஒரு முறை நினைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் பிள்ளையின் முகத்துக்குக் காவல்காரர். விற்றுக் கிரயம் பண்ணிக் கொடுக்கிற உரிமையாளர் அல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நியூயார்க் சட்டம் பிறந்த அதே 1903இல், இந்தியாவிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்புச் சொன்னது. மோஹரி பீபி வழக்கு என்று சட்ட மாணவர் எல்லோருக்கும் தெரியும். மைனர் செய்துகொண்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது அதன் சாரம். ஆகவே 17 வயதுப் பையனிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கி, ‘அவனே சம்மதித்தான்’ என்று எந்தப் பயிற்சி மையமும் சொல்லிக்கொள்ள முடியாது.

முகத்தின் மேலான உரிமையை நம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கில். சிறையில் இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிட ‘நக்கீரன்’ முனைந்தபோது எழுந்த அந்த வழக்கில், 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்த தீர்ப்பு என்றே அது பேசப்படுகிறது. ஆனால் அதற்குள்ளே இன்னொரு விதையும் இருந்தது. ஒருவர் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்பதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டாகவே குறிப்பிட்டது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்சய் கிஷன் கௌல் தன் தனித்தீர்ப்பில் குழந்தைகளைப் பற்றியும் எழுதினார். விவரம் தெரியாத வயதில் இணையத்தில் பதிந்த தடம் ஆயுள் முழுக்கப் பின்தொடரக் கூடாது என்பது அவர் கவலை.

அந்த 1994 தீர்ப்புக்கும் முன்பே, பெற்றோரைக் கேட்பதைக் கூடத் தாண்டிப்போன ஒரு சட்டம் இங்கே உண்டு. ஒரு காலத்தில் குழந்தைப் பால்பவுடர் டப்பா என்றாலே அதில் ஒரு கொழுகொழு குழந்தை சிரிக்கும். அந்தப் படத்தைப் பார்த்துத் தாய்ப்பாலை நிறுத்திப் பவுடருக்கு மாறியவர்கள் ஏராளம். 1992ஆம் ஆண்டின் குழந்தை உணவுச் சட்டம், பால்பவுடர் டப்பாவிலும் குழந்தை உணவு டப்பாவிலும் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கவே கூடாது என்றது. பெற்றோர் சம்மதித்தாலும் கூடாது. படத்தில் இருக்கிற குழந்தையை அல்ல, டப்பாவைப் பார்த்து ஏமாறுகிற வீட்டின் குழந்தையைக் காக்க வந்த விதி அது. ஒரு குழந்தையின் முகத்துக்கு எவ்வளவு வியாபார பலம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த பலத்தை வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். புத்தியுள்ளவர்கள் ஓவியம் வரைந்துகொண்டார்கள். பார்லே-ஜி பிஸ்கட் உறையில் இருக்கும் குழந்தை யார் என்று பல பத்தாண்டுகள் ஊர் பேசியது. இன்னார், இப்போது இன்ன ஊரில் இருக்கிறார் என்று பெயரோடு சொன்னார்கள். அப்படி ஒரு குழந்தையே இல்லை, 1960களில் மகன்லால் தஹியா என்ற ஓவியர் வரைந்தது என்று நிறுவனம் விளக்கிவிட்டது. அமுல் சிறுமியும் கோட்டோவியமே. வரைந்த குழந்தைக்குப் பள்ளியில் கிண்டல் கிடையாது, கல்யாணப் பேச்சில் கேள்வி கிடையாது.

நிஜக் குழந்தை நடிக்கிற விளம்பரப் படத்துக்கு விதிகள் இருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தி, 2017இல் விதிகளை வகுத்தபோது, விளம்பரம், சினிமா, தொலைக்காட்சி ஆகியவற்றில் குழந்தைக் கலைஞருக்கு இடம் கொடுத்தார்கள். கூடவே நிபந்தனைகளும் வைத்தார்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு, குழந்தை பெயரில் தேசியமயமான வங்கியில் வைப்புநிதியாகப் போக வேண்டும். படப்பிடிப்பு எந்த மாவட்டத்திலோ அந்த மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். சித்தூர்ப் பிள்ளை சித்தூரிலேயே நடித்தால் பாலக்காட்டு ஆட்சியர். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் நடித்தால் கோயம்புத்தூர் ஆட்சியர். பொள்ளாச்சியில் படப்பிடிப்பு எவ்வளவு நடக்கிறது என்பது இந்த ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த விதியின் சொற்கள் ஒலி-ஒளிப் படைப்புக்கும் வணிக நிகழ்ச்சிக்கும் எழுதப்பட்டவை. ஃபிளக்ஸுக்கு எடுக்கிற ஒற்றைப் படத்தை அவை தனியாகப் பேசவில்லை.

அந்த ஒற்றைப் படம் எவ்வளவு தூரம் போகும்? 2007இல் அமெரிக்காவின் டாலஸ் நகரத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தியைத் தேவாலயக் குழு நிகழ்ச்சியில் அவளுடைய வழிகாட்டி ஒருவர் படமெடுத்தார். ஃபிளிக்கர் தளத்தில், யாரும் வியாபாரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமக் குறிப்போடு ஏற்றினார். சில வாரங்களில் அந்த முகம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரப் பேருந்து நிறுத்தத்தில், வர்ஜின் மொபைல் நிறுவனத்தின் விளம்பரமாக நின்றது. கூடவே அவளைக் கேலி செய்கிற மாதிரி ஒரு வாசகம். குடும்பம் டெக்சாஸில் வழக்குப் போட்டது. ஆஸ்திரேலிய நிறுவனம் எங்கள் அதிகார எல்லைக்குள் வராது என்று 2009இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. படமெடுத்தவர் கொடுத்த அனுமதி இருந்தது, படத்தில் இருந்தவளின் பெற்றோர் கொடுத்த அனுமதி இல்லை. இரண்டும் ஒன்று என்று விளம்பரக்காரர் நினைத்துக்கொண்டதுதான் கோளாறு. அதே 2009இல் மிசோரி மாநிலக் குடும்பம் ஒன்று கிறிஸ்துமஸ் வாழ்த்துக்காக எடுத்த படத்தை இணையத்தில் போட, அது செக் நாட்டின் பிராக் நகர மளிகைக் கடைக்கு ஆளுயர விளம்பரமாகிவிட்டது. அந்த ஊர்ப் பக்கம் போன நண்பர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே குடும்பத்துக்குத் தெரிந்தது.

எதிர்த்து நின்று வென்ற தாயும் உண்டு. கடற்கரையில் மணலைக் கையில் இறுக்கிப் பிடித்த ஒரு குழந்தையின் மீம், ‘சக்ஸஸ் கிட்’ என்று உலகம் சுற்றியது. எடுத்தவர் அம்மாவே, பதிப்புரிமையையும் பதிவு செய்து வைத்திருந்தார். 2020இல் ஸ்டீவ் கிங் என்ற அமெரிக்க அரசியல்வாதியின் தேர்தல் குழு அதை நிதி திரட்டப் பயன்படுத்தியது. 2022இல் ஜூரர்கள், அந்தரங்க உரிமை மீறப்படவில்லை, பதிப்புரிமை மீறப்பட்டது என்று 750 டாலர் தரச் சொன்னார்கள். தொகை சிறிது. ஆனாலும் அவருக்குக் கைகொடுத்தது, படம் தன்னுடையது என்று காட்டக்கூடிய ஒரு தாள்.

இப்போது முகத்தை எடுப்பது மனிதர்கூட அல்ல. 2024இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் சொல்லித்தரச் சேகரித்த லயான்-5பி என்ற படத்தொகுப்பை ஆராய்ந்தது. சுமார் 585 கோடிப் படச் சுட்டிகள் கொண்ட தொகுப்பு. அதில் மிகச் சிறு துணுக்கைப் பார்த்தபோதே பிரேசில் நாட்டுக் குழந்தைகளின் 170 படங்கள் கிடைத்தன. பிறந்தநாள் படமும் பள்ளி விழாப் படமுமாக, பல பிள்ளைகளோ வீட்டாரோ ஏற்றியவை.

நம் நாடு இதற்கு என்ன செய்தது? 2023 ஆகஸ்டில் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 9ஆம் பிரிவுப்படி 18 வயதுக்குக் குறைந்த எவருடைய தரவையும் கையாளுமுன், சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோர் சம்மதம் பெற வேண்டும். பிள்ளையை அடையாளம் காட்டும் கைபேசிப் படமும் தரவுதான். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, பெற்றோர் சம்மதப் பகுதிக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. அவை கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும்தான், சேர்க்கை விளம்பரத்துக்கு அல்ல. ஒரு ஓட்டையும் இருக்கிறது. வீட்டுக் காரியமாகத் தனிநபர் செய்வது இந்தச் சட்டத்துக்குள் வராது. தன் தகவலைத் தானே பொதுவில் வைத்தவருக்கும் இந்தக் காவல் கிடையாது. பிள்ளையின் படத்தை எல்லோரும் பார்க்கும்படி ஏற்றுகிற பெற்றோர் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு விதி அதிகம் பேசப்படவில்லை. 2024 நவம்பர் 13 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. வென்ற மாணவரின் பெயர், படம், பாராட்டுரை எதையும் எழுத்து மூலமான சம்மதம் இன்றி விளம்பரத்தில் போடக் கூடாது. அந்தச் சம்மதத்தையும் சேர்க்கையின்போது வாங்கக் கூடாது, மாணவர் தேர்வில் வென்ற பின்னரே வாங்க வேண்டும். ஸ்டுடியோக்காரர் செய்ததும் அதேதான். முதலில் படம் எடுத்தார், அது நன்றாக வந்த பிறகு கேட்டார்.

எப்போது கேட்பது என்று இந்த நெறிமுறை சொல்லிவிட்டது. எந்த மொழியில் கேட்பது என்பது சித்தூருக்கே உரிய கேள்வி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, வடகரைப்பதி வீடுகளில் பேச்சு தமிழ். இடுக்கியில் மூணாறு, மறையூர், பீர்மேடு தோட்டத்து வீடுகளிலும் அப்படியே. ஆனால் பிள்ளை கொண்டுவரும் படிவம் பெரும்பாலும் மலையாளத்தில், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். “எங்க போடோணும்?” என்று கேட்டு, பெருக்கல் குறி இருக்கிற இடத்தில் கையெழுத்திட்டு அனுப்புகிறவர்கள் எத்தனை பேர்! புரியாமல் போட்ட கையெழுத்து எப்படிச் சம்மதம் ஆகும்? 2023ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலுமோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம்.

பிள்ளையையும் கேட்க வேண்டும். பிரான்சு 2024 பிப்ரவரியில் இயற்றிய சட்டம், குழந்தையின் உருவ உரிமையைக் காப்பது தாய் தந்தை இருவரின் கூட்டுப் பொறுப்பு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி குழந்தையையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தன் படத்தில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரியும். “பல்லு விழுந்த படத்தப் போடாதம்மா” என்று சொல்வதும் ஒரு கருத்துத்தான்.

ஜூனில் பள்ளி திறக்கும். சேர்க்கைப் படிவத்தோடு, பிள்ளையின் படத்தைப் பயன்படுத்த ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி வந்தால், ஆசிரியரிடம் மரியாதையாகத் தமிழ்ப் படி ஒன்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்தத் தாளின் ஓரத்திலேயே பேனாவால் தமிழில் எழுதுங்கள்: ‘இந்த ஆண்டு பள்ளி மலருக்கு மட்டும் சம்மதம். விளம்பரத்துக்கு வேண்டுமென்றால் தனியாகக் கேட்கவும்.’ அதன் கீழே கையெழுத்தும் தேதியும் போடுங்கள். கொடுத்தனுப்பும் முன் அந்தத் தாளைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.